ஓட்டுக்கு எதுக்குத் தம்பி சுருதிப்பெட்டி?

வாங்க எம்எல்ஏ, வாங்க. திண்ணையைத் துண்டால தட்டி விடணுமா, இப்படியே உக்காந்துக்குவீங்களா? என்னடா இது, கெழவன் திடீர்னு மரியாதையாப் பேசுறானேன்னு முழிக்காதே. தேர்தல் முடியிற வரைக்கும் ஊரே உன்னை இப்படித்தான் கூப்பிடப்போவுது, பழகிக்க. முடிஞ்சப்புறம் பழையபடி 'ஏ பாட்டு வாத்தியாரே'ன்னு கூப்பிடுவாங்க. அதையும் மறந்துடாம வச்சுக்க.

சேதி டீக்கடையிலயே எட்டிடுச்சு. 'எதுக்கு நிக்கிறாராம்?'னு கேட்டேன். 'பள்ளிக்கூடத்துக்கெல்லாம் பாட்டு வாத்தியார் போடணுமாம், அதுக்கு நிக்கிறாராம்'னாங்க. நல்ல காரியம்தான். 2012-ல பகுதிநேர ஆசிரியர்னு 16,549 பேரை எடுத்தாங்களே, அந்தக் கூட்டத்துல போனவன்தானே நீ? ஓவியம், விளையாட்டு, தையல், பாட்டுன்னு ஆளுக்கு ஒண்ணு. வாரத்துக்கு மூணு அரை நாளு, மாசத்துக்கு 5,000 ரூபா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க, இல்லேங்கலை. ஆனா மே மாசம் பள்ளிக்கூடம் லீவு, அதனால வருஷக்கணக்கா உங்களுக்குச் சம்பளமும் லீவாத்தான் இருந்துச்சு. இப்ப ஒண்ணு யோசிச்சுப் பாரு. 2011, 2016, 2021, மூணு தேர்தல்லயும் ஓட்டு எண்ணினது மே மாசத்துலதான். சம்பளம் வராம இருந்த மாசமும், முடிவு வர்ற மாசமும் ஒண்ணே. மே மாசத்துக்கு உம்மேல என்னமோ பழைய பகை இருக்கும்போல.

முதல்ல அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வா. பகுதிநேரந்தானேன்னு அலட்சியமா இருக்காதே. அரசாங்கக் காசு கையில வர்ற பதவியில இருந்துக்கிட்டு மனுப் போட்டேன்னா, பரிசீலனை அன்னிக்கு எவனாவது 'ஆதாயம் தரும் பதவி'ன்னு கையைத் தூக்குவான். உன் மனு தள்ளுபடி ஆவும். எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது, 'ஏத்துக்கிட்டோம்'னு அவங்க குடுக்குற காகிதத்தையும் வாங்கிக்க. மத்த எல்லாத்துக்கும் மாசக்கணக்குல இழுக்குற ஆபீசு, இந்தக் காகிதத்தை மட்டும் ஒரே நாள்ல குடுத்தாலும் குடுப்பான். அப்ப வருத்தப்படாதே.

சரி, எந்த தைரியத்துல எறங்குறே? போன வருஷம் மாரியம்மன் கோயில்ல உன் கச்சேரிக்குக் கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்னுச்சே, அந்தத் தைரியமா? நானும் அங்கதான் இருந்தேன். பாதிக் கூட்டம் சுண்டலுக்கு நின்னுச்சு. மீதியில பாதிக்கு வீடு, வாசல், ஓட்டு எல்லாம் மெட்ராஸ்ல. திருவிழாவுக்கு வந்து, தொடையில தட்டி 'பேஷ்'னு சொல்லிட்டு, ராத்திரி நீடாமங்கலத்துல மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிப் போயிட்டான். அவன் போட்ட பேஷை எந்த மெஷின்லயும் எண்ண முடியாது தம்பி.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசிச்சா வீடு போகணும்ங்கற நெனைப்பே யாருக்கும் வராதுன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு. அவரே ஒரு சின்னத்தை வாங்கிக்கிட்டு நின்னிருந்தாருன்னு வச்சுக்க. எங்கப்பா என்ன பண்ணியிருப்பாரு தெரியுமா? ராத்திரி முழுக்க நாயனம் கேட்டுட்டு, காலையில குளிச்சுட்டு, நேராப் போயி காங்கிரசுக்குக் குத்தியிருப்பாரு. நாயனம் வேற, ஓட்டு வேற. இந்தத் தாலுக்காவுல சங்கீதம் தெரியாத ஆளு கெடையாது. அதனாலதான் சங்கீதத்துக்காக ஓட்டுப் போடுற ஆளும் கெடையாது.

டெபாசிட் 10,000 ரூபா கட்டணும், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்குப் பாதி. அது திரும்பி வரணும்னா செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும். நம்ம தொகுதியில ஒரு 1,80,000 பேரு ஓட்டுப் போடுறான்னு வையி, 30,000 வாங்கினாக்கூட போச்சு, அதுக்கு மேல ஒண்ணு வேணும். ஒரு காலத்துல இது 250 ரூபாயாத்தான் இருந்துச்சு. 1996-ல மொடக்குறிச்சியில விவசாயிங்க கோவத்துல மனு மேல மனுவாப் போட்டு, ஒரே தொகுதியில 1,033 பேரு நின்னாங்க. ஓட்டுச் சீட்டைப் புஸ்தகமா அச்சடிச்சுக் குடுத்தாங்க. அதைப் புரட்டித் தன் ஆளைத் தேடுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பரிட்சையே எழுதி முடிச்சிருக்கும். அந்த வருஷமே டெபாசிட்டை 5,000 ஆக்கினாங்க, அப்புறம் 10,000. சுயேச்சைக்குப் பத்துப் பேரு முன்மொழியணும்னும் வச்சாங்க. உன்னை மாதிரி ஆளுங்க திடீர்னு ஆசைப்படக் கூடாதுங்குற நல்லெண்ணம்தான்.

அப்புறம் இன்னொண்ணு. 2011, 2016, 2021-ன்னு மூணு பொதுத்தேர்தல்லயும் 234 தொகுதியில ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கலை. நடுவுல 2017-ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல தினகரன் குக்கரோட நின்னு ஜெயிச்சாரு. அவரை சுயேச்சைன்னா உன்னை என்னன்னு சொல்றது?

பாட்டுக்காரங்க போனதே இல்லையான்னு கேக்குறியா? போனாங்க. கே.பி.சுந்தராம்பாள் போனாங்க. நாகூர் ஹனீபா போனாரு. ஹனீபா குரல் இல்லாம திமுக மாநாடு தொடங்காத காலம் ஒண்ணு இருந்துச்சு. ஆனா இவங்க ரெண்டு பேரும் போன வழி வேற. மேலவைன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவழியாப் போனாங்க. அந்த மேலவையில இன்னொரு அதிசயம், வாத்தியாருங்களுக்குன்னே தனித் தொகுதி. வாத்தியாரும் நிக்கலாம், வாத்தியாருங்கதான் ஓட்டுப் போடுவாங்க. பாட்டும் தெரிஞ்சு, பாடமும் எடுக்குற உனக்காகவே கட்டி வச்ச வாசல் மாதிரி இருந்துச்சு. 1986-ல எம்.ஜி.ஆர். அதை மூடிட்டாரு. 2010-ல திரும்பத் திறக்கப் பாராளுமன்றத்துல சட்டம்கூடப் போட்டாங்க, அடுத்த வருஷம் ஆட்சி மாறி அதுவும் போச்சு. முன்வாசல்லதான் நுழையணும்னு உன் தலையில எழுதியிருக்கு. அங்க நிக்கிறவன் 'என்ன பாடுவே'ன்னு கேக்கமாட்டான். 'எத்தனை பூத்துக்கு ஆள் போடுவே'ன்னு கேப்பான்.

வெளி ஊர்க் கதையும் கொஞ்சம் கேட்டுக்க. பேரன் போன்ல படிச்சுக் காட்டுனதுதான். அசாம்ல பூபேன் ஹசாரிகா. பாட்டுக்காரர். அமெரிக்காவுல கொலம்பியாவுல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தவரு, குவஹாத்தி பல்கலைக்கழகத்துல வாத்தியாராவும் இருந்தவரு. 1967-ல சுயேச்சையாவே நின்னு எம்எல்ஏ ஆனாரு. கண்ணுல வெளிச்சம் வருதா? அவசரப்படாதே, மிச்சத்தையும் கேளு. அதுக்கப்புறம் அவரு பேரு இந்தியா பூரா பரவுச்சு, விருதா வந்து குவிஞ்சுது. அப்படி உச்சத்துல இருக்கும்போது 2004-ல குவஹாத்தியில பாராளுமன்றத்துக்கு நின்னாரு, அதுவும் பெரிய கட்சியில. தோத்துட்டாரு.

இந்தப் பக்கம் பாலக்காட்டுக்குக் கிட்ட ஆலத்தூரு. ரம்யா ஹரிதாஸ்னு பாட்டுப் படிச்ச பொண்ணு. 2019-ல பாராளுமன்றத்துக்கு நின்னு, தெருத்தெருவாப் பாடிக்கிட்டே ஓட்டுக் கேட்டுச்சு. 'இது தேர்தலா, டிவி பாட்டுப் போட்டியா'ங்கற மாதிரி ஏசினவங்களும் இருந்தாங்க. ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சுக் காமிச்சுது. 2024-ல அதே ஆலத்தூர்ல தோத்துச்சு. அதே வருஷம் சேலக்கரையில சட்டசபை இடைத்தேர்தல்ல நின்னு அதுலயும் தோத்துச்சு. மூணு தடவையும் தொண்டை ஒண்ணுதான். அப்ப தொண்டையாலயா ஜெயிச்சுது? பாராளுமன்றத்துக்குப் போறதுக்கு முன்னாடியே குன்னமங்கலத்துல ஒன்றியத் தலைவரா இருந்த பொண்ணுன்னு பேரன் சொன்னப்பதான் எனக்கு விஷயம் வெளங்குச்சு. சினிமாவுல பாடின தலீமா 2021-ல அரூர்ல ஜெயிச்சாங்க, நம்ம தர்மபுரி அரூர் இல்லை, ஆலப்புழை அரூர். அவங்களும் மாவட்டப் பஞ்சாயத்துல உக்காந்துட்டு வந்தவங்கதான். சாக்கடை, குடிதண்ணிக் கொழாயி, தெருவிளக்குன்னு சரளி வரிசையை முடிச்சுட்டுத்தான் கீர்த்தனைக்கு வந்திருக்காங்க. நீ வார்டு மெம்பருக்குக்கூட நிக்காம நேரா ராகம் தானம் பல்லவிங்குறே.

உனக்குக் கிட்டத்துல வர்ற ஆளு தெலங்கானாவுல ஒருத்தரு, ரசமயி பாலகிஷன். ஆசிரியரா இருந்தவரு, நாட்டுப்புறப் பாட்டுக்காரரு. தனி மாநிலம் கேட்டு ஊர் ஊராப் பாடினாரு. 2014-லயும் 2018-லயும் மானகொண்டூர்ல ஜெயிச்சாரு, 2023-ல தோத்தாரு. அவரு பாட்டு எப்படி ஓட்டாச்சுன்னு நெனைக்கிறே? ஏற்கெனவே சனங்க வாயில இருந்ததை அவரு எடுத்துப் பாடினாரு. நீ பாடப்போறது என்ன? 'இசை ஆசிரியர் பணியிடம்'. அது உன் வாயில மட்டுந்தானே இருக்கு?

நம்ம சனங்க வாயில என்ன இருக்குன்னு தெரியணும்னா அறுவடை நேரத்துல கொள்முதல் நிலையத்துக்குப் போயி நில்லு. ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டான். காயவச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள மழை வந்து குவியலை நனைச்சுடும், திரும்ப 22. தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா குந்தியிருக்கிறவன்கிட்டப் போயி நீ கைகூப்புவே. அவன் கேப்பான், 'ஏன் தம்பி, இந்தப் பதினேழை இருபது ஆக்கச் சொல்லி டில்லிக்கு எழுத முடியுமா? சாக்கு வரலைன்னு சொல்றான், அதுக்கு யாரைப் பாக்கணும்? ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி எப்ப வரும்?' இந்த மூணுக்கும் உங்கிட்ட பதில் இருக்கா? இல்லைன்னா மழை ராகம்னு அமிர்தவர்ஷினியைக் கிமிர்தவர்ஷினியைப் பாடித் தொலைக்காதே. அடிப்பான்.

சின்னத்துக்கு வருவோம். ஆர்மோனியம் கேக்கப் போறியாமே? தேர்தல் கமிஷன் பட்டியல்ல இருக்கு, கேக்கலாம். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டா சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க, அது உன் அதிர்ஷ்டம். ஆனா அந்தப் படத்தை மெஷின்ல பாத்திருக்கியா? கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பா ஒரு கோடு. இந்தக் காலத்துப் புள்ளைங்க ஆர்மோனியத்தை எங்க பாத்துது? நாடகக் காலத்தோட அது போச்சு. 'என்ன சின்னம்?'னு கேட்டா, 'ஏதோ பெட்டி'ன்னு சொல்லும். மறுநாள் ஊர்ல பேச்சு என்னவா இருக்கும்னு நான் சொல்றேன் கேளு. 'பாட்டு வாத்தியார் பெட்டியோட நிக்கிறாராம்.' 'அடேங்கப்பா, யாரு குடுத்த பெட்டி?' 'எத்தனை பெட்டி?' அஞ்சு பைசா இல்லாத மனுஷன் நீ, ஒரே ராத்திரியில பெட்டி வாங்கினவன் ஆயிடுவே. அதுல ஒரு லாபமும் இருக்கு. கையில காசு இருக்குறவன்னு நெனைச்சா நாலு ஓட்டுக் கூடத்தான் விழும். அப்புறம் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்களே, அப்ப என்ன பண்ணுவே? புல்லாங்குழல் கேட்டுப் பாரு. அது பாக்க ஒரு குச்சி. குச்சியை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

பிரச்சாரப் பாட்டு நீயே மெட்டுப் போட்டிருக்கேன்னு உன் சம்சாரம் எங்க வீட்டுல சொல்லிட்டுப் போச்சு, பாவம், அதுக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பாட்டை டிவியிலயோ ரேடியோவுலயோ பேஸ்புக்லயோ விளம்பரமா விடணும்னா, மாவட்டத்துல ஊடகச் சான்றளிப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அவங்க கேட்டுட்டு சரின்னு சொல்லணும். நீ பெரிய பாகவதர்னெல்லாம் அங்க சொல்லிக்கிட்டு நிக்காதே. அவங்க சுருதி பாக்கமாட்டாங்க, விதி பாப்பாங்க. ஒலிபெருக்கி ராத்திரி 10 மணிக்கு மேல கூடாது. நீ ஒன்பதே முக்காலுக்குக் காம்போதியை ஆரம்பிச்சா, பஞ்சமத்துக்குப் போறதுக்குள்ள போலீசு வந்து மைக்கை நிறுத்திடும். பாதி ராகத்துல நிறுத்தினா உனக்கு நெஞ்சு வலிக்கும். கூட்டத்துக்கு ஒண்ணும் வலிக்காது, அதையும் சொல்லி வைக்கிறேன். கோயில்ல பாட்டுக் கச்சேரி பண்ணிட்டு அதே மைக்குல 'மறந்துடாதீங்க, புல்லாங்குழல்'னும் சொல்லிடாதே. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதையும் ஓட்டுக் கேக்குற இடமாக்கக் கூடாதுன்னு நடத்தை விதியில இருக்கு.

செலவு 40 லட்சம் வரைக்கும் பண்ணலாம்னு கமிஷன் வரம்பு வச்சிருக்கு. ஏன் சிரிக்கிறே? சிரிப்பில்லையா, அழுகையா? சரி, இருக்குறதை வச்சுப் பண்ணு. மனுப் போடுறதுக்கு ஒரு நாளாவது முன்னாடி தனி பேங்க் கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சுடணும், எல்லாச் செலவும் அதுலேருந்துதான். டீக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவுன்னு ஆட்சியர் ஆபீசுல விலைப் பட்டியல் போட்டு வச்சிருப்பாங்க. உன்கிட்டப் படிச்ச பையன் பாசத்துல வந்து, 'சாருக்குச் சும்மாவே அடிக்கிறேன்'னு தவிலைத் தூக்கிட்டு வந்தாலும், பட்டியல் ரேட்டைப் பாத்து உன் கணக்குல எழுதிடுவான். கலைஞனுக்கு ஒழுங்கா ஒரு கூலி உண்டுன்னு ஒத்துக்கிட்ட ஒரே அரசாங்க ஆபீசு அதுதான் தம்பி, கும்பிட்டுட்டு வா. தோத்தாலும் ஜெயிச்சாலும் முடிவு வந்த 30 நாளைக்குள்ள கணக்கு குடுத்துடணும். குடுக்கலைன்னா மூணு வருஷம் நிக்க முடியாதபடி பண்ணிடுவாங்க. உனக்கு அது தண்டனையா, நிம்மதியான்னு உன் சம்சாரத்தைக் கேட்டாத் தெரியும்.

கட்சியில கேட்டுப் பாக்கலாமான்னு ஒரு யோசனை உனக்கு இருக்கு, முகத்துலயே தெரியுது. தாராளமாக் கேளு. 2021-ல விருப்ப மனுவுக்கே ஒரு கட்சியில 15,000, இன்னொண்ணுல 25,000. உண்டியல்ல போட்ட காசுன்னு நெனைச்சுக்க. நேர்காணல்ல உக்கார வைப்பாங்க. 'தொகுதியில உனக்கு என்ன பலம்?'பாங்க. நீ, 'ஐயா, 72 மேளகர்த்தாவும் தலைகீழாச் சொல்லுவேன்'பே. 'ரொம்ப சந்தோஷம், அந்த 72-ல எத்தனை பூத்து வருது?'ன்னு கேப்பாங்க. ஆனா ஒண்ணு, வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. உன் நம்பரை வாங்கி வச்சுக்குவாங்க. தலைவர் வர லேட்டாகும்ல? அஞ்சு மணிக் கூட்டத்துக்கு எட்டு மணிக்கு வருவாரு. அதுவரைக்கும் சனங்க எழுந்து போவாம உக்கார வைக்க ஒரு ஆளு வேணும். நீ சரணம் பாடிக்கிட்டிருக்கும்போது காரு வந்துடும், உன் கையிலேருந்து மைக்கைப் பிடுங்கி 'வருகிறார் வருகிறார்'னு கத்துவான். நீ மேடைக்குப் பின்னாடி எறங்கிப் போயி பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கலாம். பாட்டுக்காரனுக்கு அரசியல்ல நிரந்தரமா இருக்குற வேலை அது ஒண்ணுதான், பாத்துக்க.

உன் சிஷ்யப் பிள்ளைங்க இருக்காங்கன்னு சொல்லுவே. இருக்காங்க, பாதி திருப்பூர்ல, மீதி சிங்கப்பூர்லயும் கத்தார்லயும். ஓட்டு இஞ்ச இருக்கு, ஆளு அங்க இருக்கு. கூட வேலை பாக்குற வாத்தியாருங்க? ஓட்டுப் போடுற அன்னிக்கு அவங்களுக்கு வேற ஊர்ல தேர்தல் பணி. உன் பள்ளிக்கூடத்துலதான் பூத்து, உன் வகுப்பறையிலதான் மெஷினு, கரும்பலகையில நீ எழுதின ஸரிகம இன்னும் அழியாம இருக்கும். ஆனா உள்ள உக்காந்திருக்கிறது முன்னப்பின்ன தெரியாத ஆளு.

இவ்வளவு சொல்றேனே, உங்கிட்ட ஒண்ணுமே இல்லையான்னு கேட்டேன்னா, இருக்கு. அதை நீ எங்க வச்சிருக்கேன்னு உனக்கே தெரியலை. நம்ம கீழத்தெருவுல ஒரு பொண்ணு, சுருதியே சேராது. மாயாமாளவகௌளையில ஸரிகம சொல்லச் சொன்னா நாலு ஊரு சுத்திட்டு வரும். நானா இருந்தா மூணாவது நாளே 'போயி கோலம் போடு'ன்னு அனுப்பியிருப்பேன். நீ கண்ணை மூடிக்கிட்டு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு, அது எந்த எடத்துல விலகுதுன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தே. வாரம் வாரம் பாத்தேன். எப்படிய்யா இந்த மனுஷன் இதைக் கேக்குறான்னு எனக்கு ஆச்சரியம். அந்தக் காது இருக்குதே, அதுதான் இந்தத் தொகுதியில இதுவரைக்கும் நின்ன எவனுக்கும் இல்லாதது. தொண்டை எல்லாரும் வச்சிருந்தாங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு உன் தொண்டை எங்களுக்கு வேணும், சட்டசபைக்கு உன் காதை அனுப்பு.

வீடு வீடாப் போவேல்ல, ஒரு கெழவி உன் கையைப் பிடிச்சுக்குவா. முதியோர் பணம் நின்னு போச்சும்பா, தாலுக்கா ஆபீசுல விரல் ரேகை விழலைன்னு சொன்னதைச் சொல்லுவா, அதுக்கு நடுவுல மருமவ சோறு போடாத கதையும் வரும், மகன் பட்டாவை மாத்திக்கிட்ட கதையும் வரும். அவசரப்பட்டு 'பாத்துக்கிறேம்மா'ன்னு நழுவாதே, மத்தவங்கள்லாம் அதைத்தான் பண்றாங்க. அந்தப் பொண்ணு பாட்டைக் கேட்ட மாதிரி கேளு. எங்க விலகியிருக்குன்னு பாரு. ஆனா ஒண்ணு, வாத்தியார் புத்தியில திருத்தப் போயிடாதே. மைக்செட்டுக்காரப் பையன் 'ஹலோ ஹலோ'ன்னு சொன்னதுக்கே சுருதி இல்லைன்னு மூஞ்சியைச் சுளிச்சவன் நீ. துக்க வீட்டுக்குப் போவே, வேட்பாளர்னா போயித்தான் ஆவணும். அங்க ஒப்பாரியில காந்தாரம் எறங்குதுன்னு சொல்லிட்டு வந்துடாதே. அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் போயிடும்.

ஜெயிச்சுட்டேன்னே வையி, ஒரு பேச்சுக்கு. சம்பளம், படி எல்லாம் சேத்து மாசம் 1,05,000 ரூபா. மே மாசமும் உண்டு, கவலைப்படாதே. ஆனா அந்தச் சபையில பாட்டுன்னா, தேசிய கீதத்தை விட்டா தமிழ்த்தாய் வாழ்த்து ஒண்ணுதான். 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாடல்னு ஆணை போட்டாங்க. 55 வினாடியில பாடி முடிக்கணும்னு அதுலயே இருக்கு. முதல் அடிக்கே நாலு சங்கதி போடுற ஆளு நீ, உன் 55 வினாடி அங்கயே காலியாயிடும். மானியக் கோரிக்கையில பேச எழுந்திருச்சா, சுயேச்சைக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்கன்னு நெனைக்கிறே? 'பேரவைத் தலைவர் அவர்களே'ன்னு நீ இழுத்து முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சுடும். அதனால பேசாதே. எழுது. கேள்வி நேரத்துக்குக் கேள்வி எழுதிக் குடு. மாவட்டவாரியா அரசுப் பள்ளியில பாட்டு வாத்தியார் எடம் எத்தனை, அதுல ஆளிருக்கிறது எத்தனை, காலி எத்தனை, பகுதிநேரத்துல இருக்கிறவங்களை நிரந்தரம் ஆக்குற உத்தேசம் உண்டா இல்லையா. எடுத்துக்கிட்டாங்கன்னா மந்திரி பதில் சொல்லணும், அது அச்சுல ஏறும். பொய்யோ நிஜமோ, ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆகணும். அதுக்குக் குரலும் வேணாம், கூட்டமும் வேணாம், பக்கவாத்தியமும் வேணாம்.

பக்கவாத்தியம்னதும் ஞாபகம் வருது. முன்மொழியிற பத்துப் பேருன்னு உன் கோஷ்டி ஆளுங்க பேரையே எழுதி வச்சிருக்கியாமே? வயலின்காரருக்கு ஓட்டு கும்பகோணத்துல, மிருதங்கத்துக்குத் திருவாரூர்ல, தம்புரா போடுற பையனுக்கு இன்னும் பதினெட்டே ஆவலை. எதுவும் செல்லாது. பத்துப் பேரும் இந்தத் தொகுதி வாக்காளர் பட்டியல்ல இருக்கணும், பாகம் எண், வரிசை எண் தப்பில்லாம எழுதணும். ஒம்பது பேரைச் சேத்துட்டு வா, பத்தாவதா நான் கையெழுத்துப் போடுறேன். முன்மொழிஞ்சவன் ஓட்டும் போடணும்னு சட்டத்துல எங்கயும் எழுதலை, அதையும் விசாரிச்சு வச்சிருக்கேன்.

அப்புறம், மனு வாங்குறது காலை 11 மணியிலேருந்து மதியம் 3 மணி வரைக்குந்தான். ஞாயித்துக்கெழமை, அரசு விடுமுறை எல்லாம் கெடையாது. உள்ள உன்னோட சேத்து அஞ்சு பேருதான் போகலாம். மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கதவைச் சாத்திடுவான், கெஞ்சினாலும் திறக்க மாட்டான். ஆறு மணின்னு நோட்டீஸ் அடிச்ச கச்சேரிக்கு ஏழே காலுக்கு வந்து தம்புராவை மீட்டுற ஆளு நீ. அன்னிக்கு ஒரு நாளாவது பத்து மணிக்கே கிளம்பிடு.